கூட்டாளிக்குக் கடிதம்: பச்சரிசியும் பியர்ப் பானையும்

நுவரெலியா
தை மாதம்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகம் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே விடியற்காலையில் தேயிலைக்கு மேல் சீனி தூவின மாதிரி உறைபனி. வெயில் ஏறினதும் கொழுந்து கருகிப் போகிறது. மற்றபடி எல்லாம் பழையபடிதான்.

இனி நீ பிரிட்டனில் வீட்டில் காய்ச்சின பியருக்கு வருவோம். 3 கிலோ மோல்ட் (முளைகட்டிக் காய வைத்த பார்லி), 1 கிலோ சிவப்புப் பச்சரிசி மாவு, 66 பாகை செல்சியஸ் சூட்டில் ஒரு மணித்தியாலம் ஊறல். 20 லீற்றர் சாற்றுக்கு அடர்த்தி (தண்ணீர் 1.000, சீனி கரையக் கரைய ஏறும்) 1.047 வரும் என்று பார்த்திருக்கிறாய், வந்தது 1.036. குழாயிலும் சாறு இறங்கவில்லை, இறங்கினதும் கலங்கல். பழியை மோல்ட் மேல் போடாதே. அந்த 3 கிலோ மோல்ட்டை மட்டும் ஊறப் போட்டிருந்தாலும் ஏறக்குறைய 1.035 வந்திருக்கும். அதாவது, உன் ஒரு கிலோ அரிசி சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போயிருக்கிறது.

காரணம் இதுதான். பார்லியை முளைகட்டிக் காய வைக்கும்போதுதான் மாப்பொருளைச் சீனியாக உடைக்கிற நொதியம் போதிய அளவு உண்டாகிறது. முளைகட்டாத தானியத்தில் மாப்பொருள் நிறைய உண்டு, அதைத் திறக்கத் திறப்பு இல்லை. மோல்ட்டிடம் திறப்பு இருக்கிறது. ஆனால் மாப்பொருள் தண்ணீர் குடித்து, ஊதி, கஞ்சியான பிறகுதான் அந்தத் திறப்பு உள்ளே நுழையும். பார்லியும் கோதுமையும் 60, 65 பாகைக்குள்ளேயே கஞ்சியாகிவிடும், ஆகவே ஊறல் சூடே அவற்றுக்குப் போதும். அரிசி அப்படியில்லை. இனத்தைப் பொறுத்து 70, 80 பாகைக்கு மேலும் கேட்கும். சோளமும் ஏறக்குறைய அந்தக் குணம்தான். 66 பாகையில் உன் அரிசி மாவு வேகவே இல்லை, நனைந்தது அவ்வளவுதான். அந்த வேகாத மாப்பொருள்தான் கலங்கலாகத் தெரிகிறது. அது வைத்தால் தெளியாது.

அடுத்த முறை மாவாக அரைக்காதே. குறுணல் வாங்கு, ரவை அளவுக்கு உடை. 1 கிலோ குறுணலோடு, உன் 3 கிலோ மோல்ட்டில் இருந்து 150 கிராம் எடுத்துக் கலந்து, 4 லீற்றர் தண்ணீரில் அடுப்பில் வை. 70 பாகை வந்ததும் 15 நிமிடம் அப்படியே பிடி. முதலில் கஞ்சி இறுகும், அகப்பை நட்டு வைத்தால் நிற்கும். பயப்படாதே. கொஞ்ச நேரத்தில் அந்த 150 கிராம் வேலையைக் காட்டும். அகப்பை தானாகச் சாயும், தூக்கி ஊற்றினால் வடிகஞ்சி மாதிரி இழையாக விழும். இளகின பிறகுதான் கொதிக்க விடு, 20 நிமிடம், கை ஓயாமல் கிண்டிக்கொண்டு. மோல்ட் போடாமல் கொதிக்கவிட்டால் அது களிதான், அடி பிடிக்கும். தீய்ந்த வாசம் பியரில் கடைசி மிடறு வரை நிற்கும். இங்கே நுவரெலியா உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். அரிசிக்கு அதுவே தாராளம், உன் ஊரில் கவலையே இல்லை.

கஞ்சி கொதிக்கும்போதே பக்கத்தில் மிச்சம் 2.85 கிலோ மோல்ட்டை 60 பாகையில் இருக்கும் 8.5 லீற்றர் தண்ணீரில் போட்டுக் கலக்கு. 55 பாகையில் வந்து நிற்கும். கஞ்சி தயாரானதும் அதை அகப்பை அகப்பையாக இதில் ஊற்றிக் கலக்கு, சூடு 66, 67 பாகைக்கு ஏறும். வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே ஊற்று. 67 வந்துவிட்டால் நிறுத்தி, மிச்சத்தைக் கொஞ்சம் ஆறவிட்டுச் சேர். ஒரே மூச்சில் கவிழ்த்து 75ஐத் தாண்டினால், கஞ்சியை இளக்கும் நொதியம் தப்பினாலும் சீனியாக்கும் நொதியம் செத்துவிடும். பியர் தித்திப்பாக நின்றுவிடும்.

ஒரு மணித்தியாலம் கழித்து வெள்ளைப் பீங்கானில் சாறு ஒரு சொட்டு, அதன் மேல் டிங்சர் அயடின் ஒரு சொட்டு. கருநீலமானால் இன்னும் மாப்பொருள் இருக்கிறது, 20 நிமிடம் பொறு. அயடினின் பழுப்பு நிறமே நின்றால் வேலை முடிந்தது. தெளிந்த சாற்றை எடு, உமித் துண்டு விழுந்தால் அதுவே கறுக்கும், ஏமாந்துபோவாய். சோதித்த சொட்டைக் கழுவி ஊற்று, பானைக்குள் போடாதே.

சாறு இறங்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வடிகட்டுவது மோல்ட்டின் உமிதான். தீட்டின அரிசிக்கு உமி இல்லை, மாவு வேறு, களிமண் பூசின மாதிரி அடைத்துவிடும். நெல் உமி 150 கிராம் எடுத்து, தூசி போகச் சுடுதண்ணீரில் அலசி, ஊறலில் கலந்துவிடு. இங்கே ஆலை வாசலில் மலையாகக் குவிந்து கிடக்கிற சாமான், அங்கே கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டும், என்ன செய்ய. குழாயை முதலில் பாதிதான் திற. அடைத்துக்கொண்டால் மூடிவிட்டு, 76 பாகைத் தண்ணீர் இரண்டு லீற்றர் ஊற்றி மேலிருந்து கிளறி, பத்து நிமிடம் படிய விடு.

அவலைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது சூடு கண்டு, இடிபட்டு வந்தது. பாதி வெந்த சாமான் என்பதால் நேரே ஊறலில் போடலாம். கடையில் விற்கும் தட்டின பார்லியும் ஓட்ஸும் அப்படித்தான். ஆனால் மோல்ட் இல்லாமல் அவற்றை மட்டும் ஊற வைத்து ஊற்றாதே, மாத்தண்ணீர்தான் மிஞ்சும். பார்லியிலும் ஓட்ஸிலும் பிசின் ஒன்று உண்டு. பத்து வீதத்துக்குள் போட்டால் நுரைக்கு நல்லது, கூடினால் கொழகொழப்பு. சோளம் போடுவதானால் முளைக்கருவை நீக்கினதைப் பார்த்து வாங்கு, முளைக்கருவில் உள்ள எண்ணெய் நுரையைக் கொன்றுவிடும். குரக்கனுக்கும் (கேழ்வரகு) அரிசி மாதிரியே கஞ்சி வை. முதல் தடவை 10 வீதம் போதும்.

எதைப் போட்டாலும் மொத்தத்தில் 30 வீதத்தைத் தாண்டாதே, மிச்சம் வெளிறின மோல்ட்டாக இருக்கட்டும். வறுத்த கறுப்பு மோல்ட்டில் நொதியம் கிடையாது, கணக்கில் சேர்க்காதே. அரிசி கூடினால் ஈஸ்ட்டுக்கு வேண்டிய நைதரசனும் குறையும். நொதித்தல் நொண்டும்.

நீ இருக்கும் பிரிட்டனில் வீட்டுக்குக் காய்ச்ச உரிமம் வேண்டாம் என்று 1963இலேயே விட்டுவிட்டார்கள். இங்கே இலங்கையில் 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்னும் நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கர் பியர் காய்ச்சின ஊரில் இருந்துகொண்டு நான் கடிதத்தில் மட்டும் காய்ச்சுகிறேன். புது ஊறலின் அடர்த்தியை எழுது. 1.045க்குக் கீழே நின்றால் அயடின் என்ன நிறம் காட்டியது என்பதையும் சேர்த்து எழுது.

உன் பழைய கூட்டாளி