எங்கள் நட்டில் ஏறாத உங்கள் போல்ட்டுக்கும் நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

எட்டு மாதமாகக் கடல் தாண்டி நடந்த ரோபோ வேலை போன வாரம் முடிந்தது. மேடையில் நன்றி சொல்ல எனக்குக் கிடைத்தது இரண்டே நிமிடம். பாதிப் பேரை விட்டுவிட்டேன். அதனால்தான் இந்த மடல்.

விஷயம் தெரியாதவர்களுக்காக: இரண்டு நாடு, இரண்டு பள்ளி, ஒரே ரோபோ. அடிப்பாகமும் சக்கரங்களும் அவர்கள் பொறுப்பு. சென்சாரும் நிரலும் எங்கள் பொறுப்பு. 2017இல் வாஷிங்டனில் தொடங்கிய ஃபர்ஸ்ட் குளோபல் ரோபோ போட்டியில் நாட்டுக்கு ஒரு அணி வரும், வேறுவேறு நாட்டு அணிகள் சேர்ந்து கூட்டணியாக ஆடும். எங்களுடையது அவ்வளவு பெரிய காரியமில்லை. கோப்பையும் கிடையாது.

உண்மையைச் சொன்னால் முதல் இரண்டு மாதம் வீண். வீடியோவில் கையசைத்தோம், பெயர் சொன்னோம், படம் எடுத்துக்கொண்டோம். பழக்கம் தொடங்கியது அவர்களுடைய பெட்டி வந்து சேர்ந்த அன்றுதான். சண்டையும் அன்றுதான்.

அடிப்பாகம் அங்குலக் கணக்கில் செய்தது. போல்ட்டின் விட்டம் 4.17 மில்லிமீட்டர். எங்களிடம் இருந்த எம்4 நட் (4 மில்லிமீட்டர் போல்ட்டுக்கானது) பார்வைக்கு அச்சு அசல் அதே ஜோடிதான். ஒரு சுற்று ஏறும், இரண்டாவது சுற்றில் இறுகிக்கொள்ளும். மரை இடைவெளி எங்களுடையது 0.7 மில்லிமீட்டர், அவர்களுடையது 0.79. முறுக்கினால் ஏறிவிடும் என்று ஒருவன் ஸ்பேனரை எடுத்தான். மூன்று போல்ட்டின் மரை போனது. 1999இல் செவ்வாயை நெருங்கிய நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் தொலைந்த கதையை அன்றைக்குச் சொன்னேன். உந்துவிசைக்கு ஒரு தரப்பு பவுண்டுக் கணக்கில் கொடுத்த எண்ணை மறு தரப்பு நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்ட கதை அது. வழக்கமாகக் கொட்டாவி விடுகிறவர்கள்கூடக் கேட்டார்கள். கையில் மரை போன போல்ட் இருந்ததே.

அந்தப் பள்ளியின் ஆசிரியருக்கு என் முதல் நன்றி. கோபப்படாமல் மறுவாரமே சரியான நட்டுகளை அனுப்பினீர்கள். கூடவே ஒவ்வொரு துளையின் அளவையும் இரண்டு அலகிலும் எழுதிய தாளும் வந்தது. அதற்குப் பிறகு எங்கள் பிள்ளைகள் வெறும் எண்ணை எழுதுவதில்லை, அலகையும் சேர்த்தே எழுதுகிறார்கள். பத்து வருடமாக நான் கத்தியும் நடக்காதது இது.

அடுத்து, அந்தப் பக்கத்து மாணவர்களுக்கு. லேபில் நாங்கள் விரலை நீட்டி "இதை அங்கே மாட்டு" என்றால் போதும். கடலுக்கு அந்தப் பக்கம் விரல் நீளாது. எங்கள் நிரலைத் திறந்த உங்கள் பெண் ஒருத்தி கேட்ட முதல் கேள்வி: "ஏ, ஏஏ, ஏஏஏ என்று மூன்று மாறிகள் இருக்கின்றன. எது எதற்கு?" எழுதியவனுக்கே பதில் தெரியவில்லை. அன்றிரவு உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பெயர் வைத்தான்.

அப்புறம் அந்த ஐந்து சென்டிமீட்டர். ஒலியை அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்லும் சென்சார் எங்களிடம் துல்லியமாக வேலை செய்தது. மைக்ரோ நொடிக் கணக்கை 57ஆல் வகுத்தால் சென்டிமீட்டர் வரும் என்று அளந்து பார்த்து வைத்திருந்தோம். அதே நிரல் உங்களிடம் 100 சென்டிமீட்டரில் வைத்த அட்டையை 105 என்று காட்டியது. சென்சார் கோளாறு என்று நாங்கள் சொல்ல, நிரல் தப்பு என்று நீங்கள் சொல்ல, ஒரு வாரம் போனது. கடைசியில் உங்களில் ஒருவன் கேட்டான்: "அங்கே எத்தனை டிகிரி?" எங்கள் கூடத்தில் 32. உங்கள் கொட்டகையில் 5. குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகப் போகும் என்பது எங்கள் பிள்ளைகள் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய வரிதான். அது ரோபோவைச் சுவரில் மோத வைக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒரு வெப்பநிலை சென்சாரைச் சேர்த்து, 57ஐ எடுத்துவிட்டு, 331 கூட்டல் 0.6 பெருக்கல் டிகிரி என்று ஒலியின் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று கணக்கிட்டோம். இரண்டு ஊரிலும் சரியாக வந்தது. இதே வகுப்பறைக்குள் எத்தனை வருடம் ஓட்டியிருந்தாலும் இந்தத் தப்பு எங்களுக்குத் தெரிந்திருக்காது.

சரக்கு அனுப்பும் தொழிலில் இருக்கும் அந்தப் பெற்றோருக்கும் நன்றி. லித்தியம் பேட்டரியை விமானத்தில் அனுப்ப எத்தனை கட்டுப்பாடு என்று பொறுமையாக விளக்கி, பேட்டரியைக் கழற்ற வைத்தீர்கள். இல்லாவிட்டால் பெட்டி எங்கேயாவது தேங்கிப்போயிருக்கும். நேர வித்தியாசத்தால் இரவு ஒன்பது மணிக்கு லேபைத் திறந்துவிட்டு, முடியும்வரை வாசலில் காத்திருந்த உதவியாளர் அண்ணன், கடிதங்களைத் திருத்தாமல் "புரிகிறதா என்று நீயே படித்துப் பார்" என்று திருப்பிக் கொடுத்த மொழி ஆசிரியை, சால்டரிங் சொல்லித்தர விடுமுறையைக் கொடுத்த பழைய மாணவி, மூன்று பேருக்கும் பெரிய கும்பிடு. தலைமையாசிரியைக்குத் தனியாக ஒன்று: "எப்போது முடியும்?" என்று ஒரு தடவைகூட நீங்கள் கேட்கவில்லை.

மீதி இருக்கும் 14 போல்ட்டுகளை ரோபோவோடு திருப்பி அனுப்புகிறோம். மரை போன மூன்றை மட்டும் தரமாட்டோம். லேபில், உள்ளே வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி, ஒரு கண்ணாடிச் சீசாவில் வைத்திருக்கிறோம்.

நன்றியுடன்,
ரோபாட்டிக்ஸ் மன்றப் பொறுப்பாசிரியர்