'அசைவு' என்று எழுதிய பிள்ளைகளுக்கு மதிப்பெண் கொடுங்கள்

மாவட்டப் பொது அறிவுப் போட்டியை நடத்திய குழுவினருக்கு வணக்கம்.

உங்கள் தாளில் 17-வது கேள்வி, 'சினிமா' என்ற சொல்லின் மூலப் பொருள் என்ன என்பது. என் பேத்தி 'அசைவு' என்று எழுதினாள். 'திரை'தான் சரி என்று அடித்துவிட்டீர்கள். இரண்டு முறை மனு கொடுத்தேன். 'விடைக்குறிப்பு இறுதியானது' என்று ஒரே வரியில் பதில் வந்தது.

ஐயா, கிரேக்கத்தில் 'கினேமா' என்றால் அசைவு. அதோடு எழுதுதல் என்ற சொல்லைச் சேர்த்து, பிரான்சில் லியோன் பூலி 1892-ல் தன் கருவிக்கு 'சினிமாட்டோகிராஃப்' என்று பேர் வைத்தார். 1895-ல் லூமியேர் சகோதரர்கள் அதே பேரில் ஒரு கருவியைக் கொண்டுவந்து பாரிஸில் காசு வாங்கிப் படம் காட்டினார்கள். நீளப் பேர் தேய்ந்து சினிமா ஆயிற்று. திரை இருப்பது நம்முடைய 'திரைப்படம்' என்ற சொல்லில். அந்தப் பொருளைத் தூக்கி இதன்மேல் ஏற்றிவிட்டீர்கள்.

நான் உசிலம்பட்டிப் பக்கம் டூரிங் கொட்டகையில் ஆபரேட்டராக இருந்தவன். ஆடிக்காற்றில் திரை கிழிந்த ராத்திரி, வேட்டியை வைத்து ஒட்டுப்போட்டு ஓட்டியிருக்கிறோம். ஜனம் எழுந்திருக்காமல் பார்த்தது. ஆனால் நொடிக்கு 24 கட்டம் நகர வேண்டிய பிலிம், புரொஜெக்டரில் 'கேட்' என்கிற இடுக்கில் சிக்கி நின்றால் போச்சு. கார்பன் விளக்குச் சூட்டில் கதாநாயகி கன்னத்தில் பழுப்பாக ஒரு புள்ளி விழும், கொப்புளித்து விரியும், அடுத்த நிமிடம் வெறும் வெள்ளை வெளிச்சம்தான். அசைவு என்பதை இப்படித்தான் என் பேத்திக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

முடிவு தெரிந்து வந்த அன்று பையைக்கூடக் கழற்றாமல், "தாத்தா, நீங்க சொன்னது தப்பாம்ல?" என்று கேட்டாள்.

விடைக்குறிப்பைத் திருத்துங்கள். அகராதியை ஒரு தடவை புரட்ட நேரமில்லாதவர்கள் பிள்ளைகளுக்கு எதற்குப் பரீட்சை வைக்க வேண்டும்? சரியாக எழுதிய பிள்ளை தலைகுனிந்து நிற்கிறது, தப்பாக அச்சடித்தவர்கள் 'இறுதி' என்கிறீர்கள். சொன்னதையே திருப்பி எழுதினால் மார்க்கு, தெரிந்து எழுதினால் பூஜ்யம் என்றால் எந்தப் பிள்ளை படிக்கும்? கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பரிசு கேட்கவில்லை. விடைக்குறிப்பைத் திருத்தி, 'அசைவு' என்று எழுதிய எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த ஒரு மதிப்பெண்ணைப் போடுங்கள். திருத்திய தாளைத் தயவுசெய்து அவள் பேருக்குத் தபாலில் அனுப்புங்கள். அவளே பிரித்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு பழைய ஆபரேட்டர்,
செல்லூர், மதுரை.