மார்கழிக்கு முன்னால் கிளம்பு, லீவை அப்புறம் போடு

திருப்பூர்,
5.10.2025

அன்புள்ள காயு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. தீபாவளி போனஸ் கணக்கு கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் நீ கேட்டிருப்பது, மகப்பேறு லீவை எந்தத் தேதியில் தொடங்குவது என்ற கணக்கு. போனில் சொன்னால் பாதியை நீ மறந்துவிடுவாய், மீதியை உன் அம்மாவிடம் மாற்றிச் சொல்வாய். எழுத்தில் இருந்தால் கண்ணாடி போட்டுக்கொண்டு அவரே படித்துக்கொள்வார்.

இங்கே நிலைமை சுமார்தான். ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா வரியை 50 சதவீதமாக்கியதிலிருந்து ஆர்டர்கள் பாதியில் நிற்கின்றன. ஓவர்டைம் அநேகமாக இல்லை. போனஸ் உண்டு என்று முதலாளி சொல்லிவிட்டதால் ஆட்கள் கொஞ்சம் தெம்பாக இருக்கிறார்கள். மகள் எல்கேஜி போகிறாள். பள்ளியில் கற்றுத்தரும் பாட்டையெல்லாம் அத்தை மதியம் கண்ணசரும் நேரம் பார்த்துப் பாடிக்காட்டுகிறாள். புரட்டாசி முடியும்வரை வீட்டில் முட்டைகூடக் கிடையாது. என் வீட்டுக்காரர் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்னால் எடுத்தாக வேண்டும் என்று உங்கள் ஹெச்.ஆர். பெண் சொன்னது பாதிதான் சரி. 1961-ஆம் ஆண்டு மகப்பேறு பயன் சட்டத்தை 2017-இல் திருத்தி, 12 வாரமாக இருந்த லீவை 26 வாரமாக்கினார்கள். அதில் பிரசவத் தேதிக்கு முன்னால் 8 வாரத்துக்கு மேல் எடுக்கக்கூடாது என்பதுதான் விதி. 8 வாரம் முன்னாலேயே எடுத்தாக வேண்டும் என்று எங்கேயும் இல்லை. ஒரு நாள்கூட முன்னால் எடுக்காமல் 26 வாரத்தையும் பின்னால் வைத்துக்கொள்ளலாம். பிரசவமான பிறகு 6 வாரம் மட்டும் கட்டாயம். அந்த நாட்களில் நீயாக வருகிறேன் என்றாலும் அவர்கள் வேலை தரக்கூடாது. கடைசி 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உனக்கு ஒரு பொருட்டே இல்லை.

இப்போது உன் தேதி. பிப்ரவரி 2, திங்கள்கிழமை. 8 வாரம் முன்னால் என்றால் டிசம்பர் 8. அன்று லீவைத் தொடங்கினால் ஜூன் 8-ஆம் தேதி நீ சோழிங்கநல்லூரில் உன் சீட்டில் இருக்க வேண்டும். அப்போது குழந்தைக்கு 4 மாதம் முடிந்து சில நாள்தான் ஆகியிருக்கும். வலி வரும்வரை வேலை பார்த்து பிப்ரவரி 2-இல் தொடங்கினால் ஆகஸ்ட் 3. அப்போது 6 மாதம் நிறைந்திருக்கும், கூழும் கஞ்சியும் ஆரம்பித்துவிடலாம். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும் என்று டாக்டர்கள் சொல்கிறார்களே, அதற்குச் சரியாக வரும். நடுவில் ஜனவரி 12 இருக்கிறது. அன்று உனக்கு 37 வாரம் முடிகிறது. அன்று தொடங்கினால் ஜூலை 12 வரை கணக்கு போகும், குழந்தைக்கு 5 மாதம் தாண்டியிருக்கும்.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: முன்னால் வீணாக்காதே, எல்லாவற்றையும் குழந்தைக்கு வை. நீயும் அப்படித்தான் எழுதியிருக்கிறாய், கடைசி நாள்வரை லாகின் பண்ணுவேன் என்று. எனக்கு இதில் சம்மதமில்லை. ‘வீணாக்குவது’ என்று யார் முதலில் சொன்னார்களோ, அவர்கள் பிள்ளை பெற்றவர்களாக இருக்க வாய்ப்பில்லை. பின்னால் வரும் வாரங்கள் முழுக்கக் குழந்தையுடையவை. அதில் உனக்குத் தூக்கம் கிடையாது, குளிக்கும் நேரம்கூட உன் கையில் இருக்காது. 26 வாரத்தில் உனக்கென்று இருப்பது முன்னால் எடுக்கும் அந்தக் கொஞ்ச நாள்தான். நான் அந்த நாட்களில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. மத்தியானம் தூங்கினேன், பீரோவைக் காலிசெய்து அடுக்கினேன், அம்மாவோடு சண்டை போட்டேன், ஒரு முழுப் படத்தை நடுவில் எழாமல் பார்த்தேன். அதற்கப்புறம் இன்றுவரை ஒரு படத்தை அப்படிப் பார்க்கவில்லை.

அதற்காக 8 வாரமும் எடு என்று சொல்லவில்லை. 4 மாதக் குழந்தையை விட்டு வேலைக்கு வந்தவர்களை இங்கே பார்க்கிறேன். மதியம் பால் கட்டி, பாத்ரூமில் போய்ப் பீய்ச்சி ஊற்றிவிட்டு வருகிறார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட இடைவேளை தரவேண்டும் என்றெல்லாம் சட்டத்தில் உண்டு. வீடு ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்தால் அந்த இடைவேளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எங்கள் கம்பெனியில் இந்தக் கேள்வியை யாரும் உன்னைப்போல் காலண்டரை வைத்துக் கேட்பதில்லை. ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்களிடம் எப்போதிருந்து லீவு என்று கேட்டால் ரயில் டிக்கெட்டைத்தான் காட்டுவார்கள். உள்ளூர்ப் பெண்கள் ஆடி, மார்கழி பார்த்துச் சொல்வார்கள். பாதிப்பேர் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குள் வருகிறவர்கள், 21,000 ரூபாய்க்குள் சம்பளம். அவர்களுக்குப் பணம் இ.எஸ்.ஐ.-யிலிருந்தே கணக்கில் ஏறும். அங்கும் இதே 26, இதே 8. போன மாதம் செக்கிங்கில் இருக்கும் ஒரு பெண் வந்தாள். நாள் முழுக்க நின்றே பார்க்கிற வேலை அது. கால் வீங்கி, செருப்பு ஏறவில்லை. லீவு போட்டால் பின்னால் குறையுமே என்று ஒரே யோசனை. நான் சொன்னேன், லீவை விடு, உட்கார்ந்து செய்கிற வேலை கேட்டு எழுதிக் கொடு என்று. பிரசவத் தேதிக்கு 6 வாரம் முன்பு வரும் அந்த ஒரு மாதத்தில், அவள் கேட்டால் நீண்டநேரம் நிற்கும் வேலையோ கடினமான வேலையோ தரக்கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. அந்த விதி சூபர்வைசருக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. இப்போது உட்கார்ந்து லேபிள் பார்க்கிறாள். லீவைத் தொடாமலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

உனக்கு நிற்கும் வேலை இல்லை. உன் பிரச்சினை மேடவாக்கத்திலிருந்து ஆபீஸ் போய்வரும் ரோடும், உன் அம்மாவும்தான்.

அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது, எரிந்து விழாதே. உனக்கு ஏழாம் மாதம் ஐப்பசிக் கடைசியிலும் கார்த்திகையிலும் வருகிறது. வளைகாப்பை ஒன்பதாம் மாதத்தில் வைக்கலாம் என்றால் டிசம்பர் 16-இலிருந்து மார்கழி, வளையல் போட மாட்டார்கள். தை பிறக்கட்டும் என்று இருந்தால் 37 வாரம் தாண்டிவிடும். ஆகவே கார்த்திகைக்குள் கட்டுச்சோறு கொண்டுவந்து வளையலைப் போட்டுக் கோபிசெட்டிபாளையத்துக்குக் கூட்டிப்போய்விட வேண்டும் என்கிறார். போனவள் மறுபடி சென்னைக்குத் திரும்பக்கூடாது என்பதும் அவர் கணக்கில் சேர்த்தி. நீயோ, அப்படிப் போனால் டிசம்பர் ஆரம்பத்திலேயே லீவு தொடங்கிவிடும், பின்னால் 18 வாரம்தான் மிஞ்சும் என்று அழுகிறாய்.

இரண்டையும் ஏன் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறாய்? கோபிக்குப் போவது வேறு, லீவு தொடங்குவது வேறு. உன் வேலை லேப்டாப்பில் இருக்கிறது. டிசம்பர் முதல் வாரத்தில் போய்விடு. அங்கிருந்து ஜனவரி 9 வரை வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று கேள். இதை உரிமையாகக் கேட்க முடியாது. சட்டத்தில் வீட்டிலிருந்து வேலை என்பது லீவு முடிந்த பிறகுதான் வருகிறது, அதுவும் இரு தரப்பும் ஒப்புக்கொண்டால். ஆகவே மேனேஜரிடம் வாயால் கேட்டு விட்டுவிடாமல் இப்போதே மெயில் போடு. டிசம்பரில் போய்க் கேட்டால் தயவு மாதிரி ஆகிவிடும். இ.எல். (சம்பள லீவு) மீதி இருந்தால் ஜனவரி முதல் வாரத்தை அதில் கழித்துவிடு. உன் ஊரில் நெட் எப்படி என்று தம்பியை விட்டு முதலில் பார்க்கச் சொல். மாடி ரூமில் சிக்னல் இல்லை என்று காலேஜ் படிக்கும்போதே புலம்பியவள் நீ.

ரயில் டிக்கெட்டை உடனே பார். இப்போதெல்லாம் 60 நாள் முன்னால்தான் திறக்கிறார்கள், டிசம்பர் முதல் வார டிக்கெட் இந்த வாரம்தான் வரும். கர்ப்பிணிகளுக்குக் கீழ் படுக்கை ஒதுக்கீடு உண்டு, டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்கி வைத்துக்கொள். ஈரோட்டில் விடியற்காலை இறங்கி, அங்கிருந்து கார். உன் வீட்டுக்காரர் காரிலேயே சென்னையிலிருந்து கூட்டிப்போகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல். அவர் நடுவில் நிறுத்த மாட்டார், கல்யாணத்துக்கு வந்தபோதே பார்த்தேன். போகிப்பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால் கிளம்பலாம் என்ற எண்ணமே வேண்டாம். பொங்கல் கூட்டத்தில் 37 வார வயிற்றோடு யாரும் பயணம் செய்யக்கூடாது.

டிசம்பரிலேயே போவதில் இன்னொரு லாபமும் உண்டு. கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரி மாறுவதை டாக்டர்கள் விரும்புவதில்லை. 32 வாரத்தில் போய்ப் பார்த்துவிட்டால் அந்த டாக்டருக்கு உன் கேஸ் பழகிவிடும். 36-க்குப் பிறகு வாரத்துக்கு ஒரு தடவை செக்கப். அதை நீ மேடவாக்கத்தில் செய்தால் ஒவ்வொரு தடவையும் அரைநாள் போகும். ஸ்கேன் பைல், பிளட் ரிப்போர்ட், கர்ப்பத்தைப் பதிந்து தரும் பிக்மி நம்பர் எல்லாவற்றையும் ஒரே பையில் வை. அந்த நம்பர் பதியாமல் விட்டால் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டிவரும்.

ஆக என் யோசனை ஜனவரி 12. ஆனால் அதைக் கல்லில் வெட்டிக்கொள்ளாதே. டாக்டர் சொன்ன தேதியிலேயே பிறக்கிற குழந்தைகள் நூற்றுக்கு நாலைந்துதான். ஜனவரி 19-இலேயே வந்துவிட்டால் உனக்குப் பின்னால் 25 வாரம் இருக்கும். ஒரு வாரம் தள்ளிப்போனால் 22. மொத்தம் 26 மாறாது. இதற்கு நடுவில் பி.பி. ஏறினாலோ, முகமும் கையும் வீங்கினாலோ, விடாத தலைவலியோ கண் மங்கலோ வந்தாலோ, குழந்தை துடிப்பு குறைந்த மாதிரி தெரிந்தாலோ, நான் மேலே எழுதியிருக்கிற கணக்கையெல்லாம் தூக்கிப் போடு. லேப்டாப்பை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ. ஸ்டேட்டஸ் கால் முடியட்டும் என்று உட்கார்ந்திருக்காதே, உன்னை எனக்குத் தெரியும். கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ உடம்பு முடியாமல் போனால், குறைமாதமாகப் பிறந்தாலும்கூட, சர்ட்டிபிகேட் கொடுத்து மேலும் ஒரு மாதம் வரை சம்பளத்தோடு எடுக்கலாம். அது 26-இல் கழியாது. இதை உங்கள் ஹெச்.ஆர். சொல்லியிருக்க மாட்டார்.

மார்ச் அப்ரைசல் பற்றிக் கவலைப்பட்டிருந்தாய். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. லீவில் இருக்கும்போது வேலையை விட்டு எடுக்கக்கூடாது, வேலை நிபந்தனைகளை உனக்குப் பாதகமாக மாற்றவும் கூடாது என்று சட்டம் சொல்கிறது. ரேட்டிங்கில் கை வைத்தால் அதை நிரூபிப்பது கஷ்டம். டிசம்பர் கடைசிக்குள் இந்த வருடம் செய்த வேலையை எல்லாம் ஒரு மெயிலாக எழுதி மேனேஜருக்கு அனுப்பிவை. வேறு வழி தெரியவில்லை.

நம் ஹாஸ்டல் ‘பாட்டி’ ஞாபகம் இருக்கிறதா? தாராபுரம் பக்கம் அரசுப் பள்ளியில் டீச்சர். அவளிடம் உன் கதையைச் சொன்னேன். சிரிக்கிறாள். தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை 1-இலிருந்து 12 மாதம், அதற்கு முன்னால் 9. முன்னால் எத்தனை, பின்னால் எத்தனை என்று தலையை உடைத்துக்கொள்ள அவளுக்கு வேண்டியதில்லை. நாம் இரண்டு பேரும் டி.ஆர்.பி. ஆசிரியர் தேர்வு எழுதியிருக்கலாம் என்கிறாள். நீ அந்த அப்ளிகேஷனைக் கேன்டீனில் கிழித்துப் போட்டதை நான் அவளிடம் சொல்லவில்லை.

பழைய பருத்திச் சேலை எடுத்து வைத்திருக்கிறேன், அத்தையுடையது, நன்றாகத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனது. குழந்தைக்குத் துணி கிழிக்க அதுதான் சரி. கடையில் வாங்கும் நாப்கின் கட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கோபி விலாசத்துக்கே அனுப்புகிறேன்.

உன் அம்மா வளைகாப்புக்கு நாள் குறித்ததும் எனக்குத் தெரியப்படுத்து. ஞாயிறு என்றால் மகளையும் கூட்டிக்கொண்டு வருவேன். சனிக்கிழமை மட்டும் வைக்க வேண்டாம் என்று அவரிடம் சொல். அன்றைக்கு இங்கே சம்பளம் போட வேண்டும், என்னை விடமாட்டார்கள்.

அன்புடன்,
சத்யா