ஓடிபி யாருடைய தொலைபேசிக்கு வருகிறது?

கிளிநொச்சி

அன்புள்ள சிவம்,

அம்மா தேறி வருகிறார் என்று எழுதியிருந்தாய், மனம் ஆறியது. இங்கே பெரும்போக அறுவடை முடிந்து, வீதியோரமெல்லாம் நெல் காய்கிறது.

கணினிப் பாதுகாப்பு ஆய்வில் என்னோடு சேர அழைத்ததற்கு, "சமூகவியல் படித்த எனக்கு அதில் என்ன வேலை?" என்று கேட்டிருந்தாய். சென்ற மாதம் கண்டாவளையில் ஒரு மாதர் சங்கக் கூட்டத்தில், "வங்கி தொலைபேசிக்கு அனுப்பும் ஓடிபி என்ற ஒருமுறை இரகசிய இலக்கத்தை ஒருவருக்கும் சொல்லாதீர்கள்" என்று விளக்கிக்கொண்டிருந்தேன். ஓர் அக்கா எழுந்தார். "தம்பி, தொலைபேசி மகனிடம் இருக்கும். அவன் வாசித்துச் சொன்னால்தானே எனக்கே தெரியும்?"

ஒரு தொலைபேசிக்கு ஓர் ஆள் என்ற கணக்கில்தான் எங்கள் விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசப் பெண்களிடம் நடத்தி 2018இல் வெளியான ஆய்வும் அந்தக் கணக்குப் பொருந்தாது என்றே காட்டியது: தொலைபேசியை வீட்டாருடன் பகிரும் பெண்கள், செயலிகளைப் பூட்டியும் செய்திகளை அழித்தும் தங்கள் அந்தரங்கத்தைக் காக்கிறார்கள். வீட்டுக்குள் போய்ப் பேசாமல் இதை அறிய முடியுமா?

இலங்கைத் தேசிய அடையாள அட்டையை உதாரணமாக எடுத்துக்கொள். பிறந்த ஆண்டும், அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் அதன் இலக்கத்திலேயே இருக்கின்றன. பெண் என்றால் நாளோடு 500 கூட்டியிருக்கும். இலக்கம் எதைக் காட்டிக்கொடுக்கிறது என்று நான் சொல்வேன். நுண்கடன் கேட்டுப் போகும் பெண் ஏன் பிரதியைக் கொடுக்க மறுக்க முடிவதில்லை என்பதை நீதான் சொல்ல வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை விளக்க ஒரு சட்டத்தரணியும் வேண்டும்.

பொருளியலும் இதில் உண்டு. கணக்கிலிருந்து பணம் எடுத்தது தான் இல்லை என்று வாடிக்கையாளர் முறையிட்டால், எடுத்தது அவர்தான் என்று அமெரிக்காவில் வங்கியே நிரூபிக்க வேண்டியிருந்தது. பிரித்தானியாவில் சுமை வாடிக்கையாளர் தலையில் விழுந்தது. பிரித்தானிய வங்கிகள் அசட்டையாக இருந்தன, மோசடி பெருகியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் ரொஸ் அன்டர்சன் 2001இல் எழுதியது இது. இழப்பு யாருடையது என்பதைப் பொறுத்தே பாதுகாப்பு அமையும் என்பதை எந்தக் கணினி நிரலும் எனக்குக் கற்றுத்தந்திருக்காது.

மென்பொருளை முடித்துவிட்டு, கடைசியில் வினாக்கொத்து நிரப்ப மட்டும் சமூகவியலாளரை அழைக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்கவே இல்லை. கேள்வியையே சேர்ந்து உருவாக்குவோம். ஒன்றில் நமக்குள் இழுபறி வரும்: பேட்டிகளின் ஒலிப்பதிவை முழுதாகப் பேண நீ விரும்புவாய், எழுதியெடுத்ததும் அழிக்க வேண்டும் என்பேன் நான். இங்குள்ள பெண்கள் எத்தனையோ படிவங்களில் தங்கள் கதையைக் கொடுத்துவிட்டார்கள். அவர்களிடம் போகுமுன் இதைத் தீர்த்துவிட வேண்டும்.

சித்திரை விடுமுறைக்கு வா. ரயிலில் பரந்தனில் இறங்கினால் வந்து ஏற்றிக்கொள்கிறேன்.

அன்புடன்,
குமரன்