கண்ணாடி போட்டுக்கொள்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய வீடியோவை நானும் அம்மாவும் ஏழெட்டுத் தடவை பார்த்துவிட்டோம். சுவருக்குச் சுவர் இழுத்துக் கட்டிய அந்தக் கம்பியை நீ வில்லால் தேய்த்ததும், கப்பலின் இரும்புச் சுவரில் காதை வைத்தால் ஒரு முனகல் கேட்குமே, அதே சத்தம். நல்ல சத்தம். அம்மாவுக்கு வயிற்றைப் பிசைகிறதாம். "மெல்பர்னில் இன்னைக்கு லீவா?" என்று சித்தி கேட்டாள். செவ்வாய்க்கிழமை, சன்னலில் நல்ல வெயில். லீவு போட்டிருப்பாள் என்றேன்.

உன் கண்ணில் கண்ணாடி இல்லை. அதைத்தான் நான் முதலில் பார்த்தேன். அதே கம்பி, அதே நீளம், சுருதி ஒரு ஸ்தாயி ஏற வேண்டுமென்றால் இழுவிசை 4 மடங்கு வேண்டும். நீ சொல்லித் தந்த கணக்குதானே அது? அவ்வளவு விசையும் சுவரில் திருகிய ஒரு கொக்கியில் நிற்கிறது. பட்டறையில் என் கண்ணெதிரே ஓர் இரும்பு வடம் அறுந்து, பக்கத்தில் நின்றவருக்கு ஒரு கண் போனது. முறுக்கும்போது கம்பிக்கு நேராக முகத்தை வைக்காதே. கண்ணாடி போட்டுக்கொள்.

நேரத்துக்குப் பசியாறுகிறாயா? வீட்டு வாடகை சரியாகக் கட்டிவருகிறாய் அல்லவா? சும்மா கேட்டேன்.

போன வாரம் எலெக்ட்ரானிக் சாமான் விற்கும் சிம் லிம் டவருக்குப் போய், நீ கம்பியின் அதிர்வைப் பிடிக்க ஒட்டுகிறாயே, அந்தப் பியசோ தகடு 20 வாங்கினேன். பித்தளைமேல் இருக்கும் வெள்ளைப் பீங்கானில் சால்டரிங் முனையை வைத்துக்கொண்டே இருக்காதே, சூடு ஏறினால் கெட்டுவிடும். தொட்டதும் எடுத்துவிடு. இத்தனை எதற்கு என்று கடைக்காரர் கேட்டார். என் மகள் வாத்தியம் செய்கிறாள் என்றேன். இதுவரை யாரிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை, இன்ஜினியர் என்றுதான் சொல்வேன். 4 வருஷம் கண்விழித்துப் படித்த படிப்பு, அதைக் கைவிட்டுவிடாதே அம்மா. வாத்தியமும் செய், வேண்டாம் என்று சொல்லவில்லை.

வேண்டாம் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறேன், வாயால் அல்ல.

தொடக்கநிலை 6-ல் நீ செய்த அந்த மைலோ டின் வாத்தியம். துடைப்பக் கட்டை, ஒற்றைக் கம்பி, 60 சென்டிமீட்டர். 45-ல் ம, 40-ல் ப, 30-ல் மேல் ஸ என்று கட்டையில் கோடு போட்டிருந்தாய். என் அளவுகோலை வைத்துப் பார்த்தேன், கணக்கு அப்படியே இருந்தது. யாரும் சொல்லித் தராமல் காதாலேயே அந்த இடங்களைப் பிடித்திருந்தாய். அதைத் தெரிந்துகொண்டுதான் செய்தேன். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு பிஎஸ்எல்இ-க்கு 3 வாரம் இருந்தது. நீ தூங்கியபின் கட்டையை முழங்காலில் வைத்து ஒடித்து, அடுக்களைக் குப்பைக் குழாயில் போட்டேன். 11 மாடியும் டின் மோதி மோதி இறங்கியது. அம்மா எழுந்து வந்து நின்றாள், ஒன்றும் கேட்கவில்லை.

நடைபாதையில் வைத்ததைத் துப்புரவுத் தம்பி எடுத்துப் போய்விட்டார் என்று உன்னிடம் சொன்னேன். நீ கீழே போய் அவரிடமே கேட்டாய். அவர் தலையை ஆட்டி ஆட்டி இல்லை என்றார். அன்றிலிருந்து அவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாய். அதற்கு முன் தினமும் வணக்கம் சொல்வாய். 2 வருஷம் அவர் நம் புளோக்கில் வேலை பார்த்தார். லிஃப்ட்டில் எத்தனையோ தடவை மூன்று பேரும் சேர்ந்து ஏறியிருக்கிறோம். நான் வாயைத் திறக்கவில்லை. டின்னைவிட அதுதான் எனக்கு இப்போதும் தூக்கத்தில் வருகிறது.

பார்சலில் தகடுகளோடு பாதுகாப்புக் கண்ணாடி 2 வைத்திருக்கிறேன். பக்கவாட்டிலும் மறைக்கும். ஒன்றைக் கம்பிக்குப் பக்கத்திலேயே ஆணியடித்து மாட்டிவை, தேடப் போகாமல் போட்டுக்கொள்ளலாம்.

வருகிற செவ்வாய் பகலில் கூப்பிடட்டுமா? வேலை நேரம் என்றால் இரவு கூப்பிடுகிறேன்.

அப்பா