மாலை ஆறரை மணி அழைப்பு: அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

நேரில் சொன்னால் முழுவதையும் கேட்பதற்குள் உங்கள் மகனைத் திட்டத் தொடங்கிவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன். வண்டி ஓட்டிக்கொண்டே அவன் கைபேசியில் பேசுவதைப் பற்றித்தான். தவறு அவனுடையது மட்டுமன்று.

சென்ற வாரம் கிண்டியிலிருந்து குரோம்பேட்டைக்கு அவனுடைய வண்டியில் பின்னால் அமர்ந்து வந்தேன். மீனம்பாக்கம் தாண்டியதும் உங்கள் அழைப்பு வந்தது. ஜி.எஸ்.டி. சாலையின் மாலை நெரிசலில், ஒரு கையால் கைபேசியை எடுத்துத் தலைக்கவசத்துக்கும் காதுக்கும் இடையில் செருகிக்கொண்டு, "வந்துட்டே இருக்கேம்மா" என்றான். கத்திரிக்காயா முருங்கைக்காயா என்ற பேச்சு முடிவதற்குள், பல்லாவரத்தில் முன்னால் நின்றுவிட்ட பேருந்தைக் கண்டு நான் கத்த வேண்டியிருந்தது. அவனுடைய கண்கள் சாலையில்தான் இருந்தன. ஆனாலும் பேருந்து நின்றது அவன் மனத்தில் பதியவில்லை. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்குப் பதினான்கு மீட்டர் போய்விடுகிறது, அக்கா.

இறங்கிய பிறகு கண்டித்தேன். "ப்ளூடூத் வாங்கிக்கிறேன், மாமா" என்றான். கையில் பிடித்திருப்பதுதான் ஆபத்து என்று எல்லோரையும் போல அவனும் நம்புகிறான். கனடாவின் டொராண்டோவில் விபத்துக்குள்ளான 699 ஓட்டுநர்களின் கைபேசிப் பதிவுகளை ரெடல்மையர், டிப்ஷிரானி என்ற இருவர் ஆராய்ந்து 1997இல் வெளியிட்ட முடிவு வேறு: பேசும்போது விபத்துக்கான வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது, கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் அது குறைந்ததாகத் தெரியவில்லை. 2019இன் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டமோ கையில் பிடித்துப் பயன்படுத்துவதைத்தான் சொல்கிறது. அதற்குச் சிறைத்தண்டனையோ 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. (அந்த அபராதத்துக்குப் பயந்துதான் பலர் கைபேசியைக் கவசத்துக்குள் ஒளிக்கிறார்களோ என்று எனக்கொரு சந்தேகம்.)

பின்னால் அமர்ந்து பேசுகிறவன் லாரி குறுக்கே வந்தால் தானாகவே வாயை மூடிக்கொள்வான். வீட்டிலிருந்து பேசும் உங்களுக்கு அந்த லாரி தெரியாது. அம்மாவின் அழைப்பை எடுக்காமல் விட அவனுக்கும் மனம் வராது.

ஆகவே ஒரு வேண்டுகோள். அலுவலகத்திலிருந்து கிளம்பும்போது உங்களுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பவும், பிறகு கைபேசியைப் பைக்குள் போட்டுவிடவும் சம்மதித்திருக்கிறான். காய்கறிப் பட்டியலை மதியமே சொல்லிவிடுங்கள். எட்டு மணிக்குள் அவன் வரவில்லையென்றால் என்னை அழையுங்கள். அந்நேரம் நான் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
தம்பி