கொம்பு ஓணானுக்கு விஷம் கிடையாது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் ஹோட்டன் சமவெளி பற்றிய கட்டுரையோடு ஒரு ஓணான் படம் வந்திருந்தது. மூக்கு நுனியில் வெள்ளைக் கொம்பு தெரியும் அழகான படம். அதன் கீழே “கொம்புடைய விஷப் பச்சோந்தி” என்று அச்சிட்டிருந்தீர்கள். அது பச்சோந்தி இல்லை, விஷமும் இல்லை. நம் நாட்டுப் பச்சோந்தி புத்தளம் போன்ற வறண்ட இடங்களில் வாழ்வது, இந்த மலைக் குளிருக்கு ஏறி வராது. இது கொம்பு ஓணான். உலகத்தில் வேறெங்கும் இல்லாமல் இலங்கை மலைகளில் மட்டும் இருப்பது. உங்களுக்குத் தெரியாததா?

திங்கட்கிழமை எங்கள் தோட்டத்து லயத்துப் பிள்ளைகள் வடிகான் ஓரத்தில் ஒன்றைக் கல்லால் அடித்துக் கொன்றுவிட்டார்கள். ஓடத் தெரியாத மந்தமான பிராணி, மிஞ்சினால் வாயைத் திறந்து காட்டும். “பேப்பர்லயே போட்டிருக்கு டீச்சர், கடிச்சா செத்துருவோம்” என்று எட்டு வயதுப் பையன் என்னிடமே சொல்கிறான். 31 வருடம் தோட்டப் பள்ளியில் படிப்பித்தவள் நான். அவனுக்கு என் பேச்சைவிட உங்கள் அச்சு பெரிது.

அந்தக் கொம்பு யாரையும் குத்தாது, அது செதில்தான். ஆணுக்கு நீளமாக இருக்கும், பெட்டைக்கு இருந்தாலும் சின்னதுதான். ஒரு பெட்டை எங்கள் கரட் பாத்தியில் முட்டை வைத்ததைப் பார்த்திருக்கிறேன். முன்காலால் மண்ணைப் பறிக்கும், நிற்கும், மறுபடி பறிக்கும். நான் தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்துவிட்டு வந்தேன், அப்போதும் முடியவில்லை. கடைசியில் குழியை மூடி, மேலே மண்ணைச் சமன் செய்துவிட்டுப் போனது. அடுத்த நாள் எனக்கே இடம் தெரியவில்லை.

இது முதல் தடவையும் அல்ல. அரணை கடித்தால் மரணம் என்ற பழைய பேச்சை முன்பு மருத்துவக் குறிப்பாகவே போட்டீர்கள். அப்போதும் எழுதினேன், பிரசுரமாகவில்லை. எங்கள் ஊர்ப் பெயரை மூன்று தடவை மூன்று விதமாக அச்சிட்டீர்கள். மலையகம் என்றால் பனியும் நீர்வீழ்ச்சியும் கொழுந்துக் கூடையும்தான் உங்கள் பக்கங்களில் வருகிறது. இங்கே என்ன வாழ்கிறது என்று ஒருவரிடம் கேட்டு எழுதினால் என்ன? கொம்பு ஓணானைப் பிடித்து வெளிநாட்டுக்குக் கடத்துகிறார்கள் என்பதால்தான் 2019இல் ஜெனீவாவில் கூடிய சைட்டிஸ் (அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை) மாநாடு அதன் வர்த்தகத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. அந்தச் செய்தியை உங்கள் பத்திரிகையில் நான் பார்க்கவில்லை. பிள்ளைகளின் கல்லுக்கு மட்டும் காரணம் கொடுத்துவிட்டீர்கள்.

கேட்பது பெரிய விஷயம் இல்லை. வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே படத்தைப் போட்டு, “இது விஷமற்றது, அடிக்காதீர்கள்” என்று ஒரு வரி. பள்ளிச் சுவரில் ஒட்ட எனக்கு அது வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
நுவரெலியா மாவட்டம்